சுவரை விட்டுத் தோலுக்கு: கடையில் சேர்வதா, கோர்ஸா, ஆன்லைன் கிட்டா?

“அண்ணா, நாலு வருஷமா சுவத்துல வரையறேன். டாட்டூவுக்கு வந்துடலாம்னு இருக்கேன். கோர்ஸ் சேரட்டுமா, இல்ல ஏதாவது ஸ்டூடியோல போய் நிக்கட்டுமா?”

மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். போன வாரம் கேட்டவன் சென்னை வியாசர்பாடித் தம்பி ஒருவன். சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் கையில் இருக்கிறது, வீட்டில் அம்மாவுக்கு விஷயம் தெரியாது, கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் இருக்கும் பெரிய ஓவியங்களைப் பார்த்துத்தான் முதன்முதலில் ஸ்ப்ரே கேனைத் தொட்டானாம். போனில் சொன்னதில் பாதியை இந்நேரம் மறந்திருப்பான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இது.

நானும் அந்த வழியாக வந்தவன்தான். சுவரில் பெயர் எழுதிக்கொண்டு திரிந்தேன், அப்புறம் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கினேன், இப்போது டாட்டூ மெஷின் பிடிக்கிறேன். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் ஃபீஸில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் கேள்வி, நீ தப்பு செய்கிற நிமிஷத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது. சுவரில் கோடு தப்பாகப் போனால் மேலே இன்னொரு பூச்சு அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், மறுநாள் கார்ப்பரேஷன்காரரோ கட்சிக்காரரோ வெள்ளையடித்துவிட்டால் ஆதாரமே இருக்காது. தோலில் போன கோடு அந்த ஆளோடு வீட்டுக்குப் போகிறது, கல்யாணத்துக்குப் போகிறது, இண்டர்வியூவுக்குப் போகிறது.

இரண்டாவது, ரத்தம். ரத்தத்தில் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட, 7 நாள் வரை உயிரோடு இருக்கும். டேபிள் விளக்கின் சுவிட்சை ரத்தம் பட்ட கையுறையோடு தொட்டாய் என்றால், அந்த சுவிட்ச் ஒரு வாரத்துக்கு ஆபத்தான பொருள். இதை எந்தப் பாதையில் ஒழுங்காகக் கற்றுக்கொள்வாய் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பணம். கட்டுகிற ஃபீஸ் மட்டும் இல்லை, சம்பாதிக்காமல் ஓட்டப்போகிற மாதங்களின் வாடகையும் பெட்ரோலும் சேர்த்து. நான்காவது, சுவரில் நீ சேர்த்து வைத்த கை, அதாவது உன் எழுத்து, உன் ஸ்டைல், அது பிழைக்குமா, இல்லை ஓம், வேல், இன்ஃபினிட்டி சின்னம் என்று போட்டுப்போட்டே தேய்ந்துவிடுமா என்பது.

## சுவர்க்காரனுக்கு என்ன கூடுதல், என்ன குறைச்சல்

பாதையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உன் கையில் ஏற்கெனவே இருப்பது எது என்று தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

இந்த மாற்றம் புதுசு இல்லை. 1970களில் நியூயார்க் ரயில் பெட்டிகளில் பெரிய பெரிய எழுத்து போட்ட சீன் (Seen) என்பவர் பின்னாளில் அதே நகரின் பிராங்ஸ் பகுதியில் டாட்டூ கடை வைத்தார். அந்த ஊரில் டாட்டூ போடுவதே 1961 முதல் 1997 வரை தடை, அதற்குச் சொன்ன காரணமும் ஹெபடைடிஸ்தான். லாஸ் ஏஞ்சலஸில் மிஸ்டர் கார்ட்டூன் என்ற கலைஞர் சுவர், கார் பாடியில் ஏர்பிரஷ், அப்புறம் டாட்டூ என்று போனவர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது எழுத்து.

நமக்கும் அதுதான் பெரிய சொத்து. இங்கே கடைக்கு வருகிறவர்களில் பெரும் பங்கு பெயர் போட வருகிறவர்கள். அம்மா பெயர், குழந்தை பெயர், காதலி பெயர் (அப்புறம் அதை மூட வருகிறவர்கள் தனிக் கூட்டம்). தமிழில் போடச் சொன்னால் பல கடைகளில் கம்ப்யூட்டரில் ஒரு ஃபாண்டை எடுத்து அப்படியே ஸ்டென்சிலாக (தோலில் ஒற்றும் அச்சு) போட்டுவிடுகிறார்கள். டிசைன் சாஃப்ட்வேர் சிலது தமிழை ஒழுங்காகக் கோக்காது: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறும். தமிழ் படிக்கத் தெரியாத ஆர்டிஸ்ட்டுக்கு அது தெரியவா போகிறது. சுவரில் தமிழ் எழுதிப் பழகியவனுக்கு அந்த ஃபாண்டே வேண்டாம், கையாலேயே வரைந்துவிடுவான்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுவரில் ‘ண’ நாலடி உயரம். மணிக்கட்டில் அது ஒரு சென்டிமீட்டர். இங்க் வருஷம் போகப்போகத் தோலுக்குள் கொஞ்சம் பரவும், கோடு தடிக்கும். ண, ஞ, ஐ மாதிரி சுழி உள்ள எழுத்துகளைச் சின்னதாகப் போட்டால் சில வருஷத்தில் சுழி அடைபட்டு வெறும் பொட்டாகிவிடும். எழுத்துக்குள் இருக்கும் காலி இடத்தைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. ஆனால் எவ்வளவு காலி விட வேண்டும் என்பதைத் தோல்தான் சொல்லித்தரும், அதுவும் ஆறிய தோல், அன்றைக்கு எடுத்த போட்டோ இல்லை.

குறைச்சலும் உண்டு. சுவரில் நமக்குக் கடைசி வேலை வெள்ளைப் பளபளப்பு. எல்லாம் அடித்து முடித்து, கேனில் மெல்லிசு கேப் (பெயிண்ட் பீய்ச்சும் மூக்கு) மாட்டி, இரண்டு வெள்ளைப் பொட்டு வைத்தால் எழுத்து உருண்டு எழுந்து நிற்கும். தோலில் அது வேகாது. இங்க் தோலுக்கு மேலே உட்காரும் பெயிண்ட் இல்லை, தோலுக்குள்ளே இருப்பது. நாம் பார்ப்பது நம் மேல் தோலின் நிறத்தின் வழியாகத்தான். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் வெள்ளை இங்க் பெரும்பாலும் பழுப்பேறிக் காணாமல் போகும். எனவே வெளிச்சத்தை முதலிலேயே யோசித்து அந்த இடத்தை வெறும் தோலாக விட்டுவிட வேண்டும். ஸ்ப்ரேக்காரனுக்கு இது தலைகீழ்ப் பாடம். எனக்கு அது மண்டையில் ஏற ஒரு வருஷம் ஆனது.

அப்புறம் ஆழம். ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். மேலாகப் போனால் தோல் உரியும்போது இங்க்கும் உரிந்துவிடும், கீழே போனால் இங்க் பக்கவாட்டில் கசிந்து நீலமாகப் படரும், அதைத்தான் ப்ளோஅவுட் என்கிறோம். ஸ்ப்ரே கேன் சுவரைத் தொடுவதே இல்லை, தோளிலிருந்து கையை வீசுகிறோம். இங்கே இடது கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வலது கை ஆளின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். சுவர் மூச்சும் விடாது. விலாவில் போடும்போது ஆள் மூச்சிழுக்கிற ஒவ்வொரு முறையும் கோடு நகரும்.

ஆக, வரையக் கற்றுக்கொள்ள நீ காசு கொடுக்கத் தேவையில்லை. ஆழம், இழுவை, சுத்தம் மூன்றுக்கும்தான் கொடுக்க வேண்டும்.

## பாதை 1: ஸ்டூடியோவில் அப்ரெண்டிஸ்

முதல் சில மாதங்கள் மெஷினைத் தொட விடமாட்டார்கள். பெருக்குவது, டேபிளுக்கு கிளிங் ஃபிலிம் சுற்றுவது, ஸ்டென்சில் வெட்டுவது, கஸ்டமருக்கு மோர் வாங்கி வருவது, மயக்கம் போட்டால் கால் தூக்கிப் பிடிப்பது. சுவரில் நாலு பேர் பெயர் சொல்லும் அளவுக்கு வளர்ந்தவனுக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது. ஆனால் எந்த வீடியோவிலும் வராத விஷயங்கள் அந்த நேரத்தில்தான் கண்ணில் பட்டன. ஆள் வலியில் காலை இழுப்பதற்கு அரை வினாடி முன்னால் ஆர்டிஸ்ட் மெஷினை எடுத்துவிடுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு இதிலும் நிறைய. சம்பளம் பெரும்பாலும் கிடையாது, கிடைத்தால் பஸ் காசு. சில கடைகளில் சேருவதற்கே தொகை கேட்கிறார்கள். நீ வரைந்த டிசைன் கடையின் பெயரில் போகும். வெளியே போன பிறகு இத்தனை கிலோமீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிற இடமும் உண்டு. “கத்துக்கொடுக்கறேன்” என்று ஒன்றரை வருஷம் ரிசப்ஷனில் உட்காரவைத்தே அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். எப்போது முதல் தோல், யார் பக்கத்தில் நிற்பார், எத்தனை மாதத்தில் பங்கு சம்பளம் என்று சேரும்போதே வாய்விட்டுக் கேள். கேட்டதற்கே முகம் சுளித்தால் அடுத்த கடையைப் பார்.

இரண்டு சனிக்கிழமை சும்மா போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கஸ்டமர் கண் எதிரில் கார்ட்ரிட்ஜ் (மெஷினில் மாட்டும் ஊசித் தொகுப்பு) உறையைப் பிரிக்கிறார்களா? பயன்படுத்திய ஊசி குத்து தாங்கும் டப்பாவுக்குப் போகிறதா, சாதாரணக் குப்பைக்கூடைக்கா? ஆறிய வேலைகளின் போட்டோ காட்டுகிறார்களா? அன்றே எடுத்த பளபள போட்டோ மட்டும்தான் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

யாருக்கு ஏற்றது: வீட்டில் ஒரு வருஷம் தாங்குவார்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் வேலை எடுத்துச் செலவைச் சமாளிக்க முடியும் என்பவர்களுக்கு.

## பாதை 2: ஃபீஸ் கட்டிக் கோர்ஸ்

பதினைந்து நாளிலிருந்து மூன்று மாதம் வரை பல அளவில் இருக்கிறது. ஃபீஸும் சில பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். நல்லது என்னவென்றால், தேதி தெரியும். இந்த நாள் தொடங்கி இந்த நாள் முடியும், மெஷின் இரண்டாவது நாளே கையில் இருக்கும். ஊசி உறையில் 1207 என்றால் 0.35 மில்லிமீட்டர் தடிமனில் 7 ஊசி, ஊசி வகைகளில் லைனர் எதற்கு, மேக்னம் எதற்கு, வோல்டேஜ் எவ்வளவு என்று ஒழுங்காகப் பாடமாகச் சொல்லித்தருவார்கள். கடையில் இதை ஒவ்வொன்றாகத் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், பெரும்பாலான நேரம் ப்ராக்டிஸ் ஸ்கின் என்கிற சிலிகோன் செயற்கைத் தோலில்தான் ஓடும். அது ரத்தம் விடாது, வீங்காது, வியர்க்காது, கத்தாது. உயிருள்ள தோல் எத்தனை பேருடையது, அந்த ஆட்களை யார் கூட்டி வர வேண்டும் என்று ஃபீஸ் கட்டுவதற்கு முன் கேள். நீயேதான் நண்பர்களைக் கூட்டி வர வேண்டும் என்று பல இடங்களில் பதில் வரும். பத்து பேருக்கு ஒரு டீச்சர் என்றால் நீ ப்ளோஅவுட் பண்ணும்போது அவர் ஒன்பதாவது ஆளின் பக்கத்தில் இருப்பார். கூடத் தருகிற கிட்டையும் அதன் சந்தை விலையையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. அது அந்தப் பயிற்சி நிலையம் அச்சடித்துக் கொடுப்பது, அரசு லைசென்ஸ் இல்லை. சுவரில் மாட்டலாம், கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதே. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளக்கிற வேலை வரைக்கும் போன டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது, போலீஸ் கைதும் செய்தது.

யாருக்கு ஏற்றது: சொந்த ஊரில் நல்ல கடையே இல்லாதவர்கள், அல்லது ஸ்டூடியோ வாசலில் போய் நிற்பதற்கு முன் அடிப்படையைக் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள். கோர்ஸ் முடித்த மறு மாதமே சொந்தக் கடை போடுகிறவர்களுக்கு இல்லை.

## பாதை 3: ஆன்லைனில் கிட், வீட்டில் பழக்கம்

சில ஆயிரம் ரூபாய்க்கு மெஷின், பவர் சப்ளை, பத்து கலர் இங்க், ஊசி எல்லாம் ஒரே பெட்டியில் வந்து இறங்கிவிடும். நானும் வாங்கினேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முதலில் ஆரஞ்சுத் தோல், அப்புறம் கசாப்புக் கடையில் வாங்கிய பன்றித் தோல், அதுவரை சரி. பிறகு நண்பன் ஒருவன் தானாக வந்து கையை நீட்டினான். “அம்மா” என்று மணிக்கட்டில். மூன்றே எழுத்து. நடு எழுத்தின் புள்ளியில் ஊசியை ஒரு நொடி அதிகம் நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் அந்தப் புள்ளி பட்டாணி அளவுக்கு நீலமாகப் படர்ந்தது. மூன்று வருஷம் கழித்து நானே அதன் மேல் ஒரு தாமரை போட்டு மூடினேன். இன்றைக்கும் அவன் அதைத் தாமரை என்று சொல்வதில்லை, “இவன் வெச்ச புள்ளி” என்றுதான் எல்லோரிடமும் காட்டுகிறான்.

நான் தப்பித்தேன், அவனும் தப்பித்தான். ஆனால் அன்று அந்த ரூமில் குத்து தாங்கும் டப்பா இல்லை, ஊசியைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன், மறுநாள் காலை அதை அள்ளியவர் கையுறை கூடப் போட்டிருக்கமாட்டார். இதை நினைத்தால் புள்ளியைவிட இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

மலிவாகத் தெரிகிற இந்தப் பாதைதான் கூட்டிப் பார்த்தால் செலவு அதிகமானது. கெட்ட பழக்கம் கையில் ஏறிவிட்டால் அதை இறக்க, புதிதாகக் கற்பதைவிட நாள் பிடிக்கும். எனக்கு ஊசியை அழுத்துகிற பழக்கம் போக எட்டு மாதம் ஆனது. வேலை மோசமானால் கஸ்டமர் லேசருக்குப் போக வேண்டும், அது ஒரே தடவையில் முடிகிற விஷயமில்லை, பல அமர்வு. சேர்மானப் பட்டியலே இல்லாத இங்க்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

யாருக்கு ஏற்றது: ப்ராக்டிஸ் ஸ்கின்னோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு இருக்கிறவர்களுக்கு மட்டும். மெஷின் எடை, அதிர்வு, கால் பெடல் பழகுவதற்கு நல்லதுதான். மனுஷத் தோல் என்று வந்தால் இந்தப் பாதையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## பாதை 4: மெஷினையே தொடாமல் இருப்பது

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். நிறையப் பேருக்கு டாட்டூ மேல் ஆசை இல்லை, சுவரில் நிலையான வருமானம் இல்லை என்கிற பயம்தான். அதற்கு மருந்து ஊசி இல்லை.

தமிழ் எழுத்து வரைந்து கொடுக்க ஆள் தேடுகிற ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. டிசைனுக்கு இவ்வளவு என்று பேசி வரைந்து கொடுக்கலாம். கூடவே சுவர். சென்னை இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் 2021இல் ஏ-கில், கத்ரா என்ற இரண்டு சுவர் ஓவியர்கள் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக வரைந்த அந்தப் பெரிய முகங்களைப் பார்த்திருப்பீர்கள். நகரத்தில் அந்த அளவு வேலைக்கு இடம் இருக்கிறது, கடை ஷட்டர், ஹோட்டல் சுவர், ஜிம் சுவர் என்று சதுர அடிக் கணக்கில் சின்ன வேலையும் வருகிறது. மழை மாதங்களில் படுத்துவிடும், பாக்கி வசூலிப்பது தனித் தொல்லை, உயரத்தில் நின்று முதுகு போகும், ஸ்ப்ரே புகை நுரையீரலுக்கு ஆகாது. ஆனால் யார் உடம்புக்கும் நீ பொறுப்பில்லை.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களும், ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் குனிந்து உட்கார முடியாதவர்களும், கஸ்டமர் கொண்டுவருகிற படத்தைப் போடுவதற்கே எரிச்சல்படுகிறவர்களும் இந்தப் பாதையைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஸ்டூடியோ | கோர்ஸ் | வீட்டு கிட் | சுவரும் டிசைனும் |
|---|---|---|---|---|
| தப்பு செய்யும்போது பக்கத்தில் | ஆர்டிஸ்ட் (நல்ல கடையானால்) | பாதி நேரம் | யாருமில்லை | தேவையில்லை |
| சுத்தம் பழகுவது | தினமும், திட்டு வாங்கி | பாடமாக | வீடியோ பார்த்து | பொருந்தாது |
| முதலில் போகும் காசு | குறைவு, சில இடங்களில் தொகை | அதிகம் | மிகக் குறைவு | இல்லை |
| பின்னால் போகும் காசு | வருமானமில்லாத மாதங்கள் | கோர்ஸ் முடிந்தும் கடை தேடும் காலம் | கவர்-அப் (மேலே இன்னொன்று போட்டு மூடுவது), கெட்ட பெயர் | மழைக்காலம், பாக்கி |
| உன் ஸ்டைல் | முதலில் அமுங்கும், பிறகு வரலாம் | தொடாமல் அப்படியே இருக்கும் | கை கெட்டால் அதுவும் கெடும் | முழுசாக உன்னுடையது |

## தம்பிக்குச் சொன்னது

80,000 முழுவதையும் கோர்ஸில் போடாதே என்றேன். அதில் பாதி அவன் சம்பாதிக்காமல் ஸ்டூடியோவில் நிற்கப்போகிற மாதங்களுக்கு. ஒரு பகுதியில் நல்ல ரோட்டரி மெஷின் ஒன்று, ப்ராக்டிஸ் ஸ்கின், கார்ட்ரிட்ஜ். மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடு என்றேன். அதற்குத்தான் அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

ஸ்டூடியோவுக்குப் போகும்போது சுவர் போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பேப்பரில், கறுப்பு மையில், உள்ளங்கை அளவில் வரைந்த இருபது டிசைன் கொண்டு போ. அதில் குறைந்தது பத்து தமிழ் எழுத்தாக இருக்கட்டும். பெரிய சுவரைப் பார்த்து டாட்டூ ஆர்டிஸ்ட் அசந்துபோவார், ஆனால் சேர்த்துக்கொள்வது சின்னக் கோட்டைப் பார்த்துத்தான்.

சுவர் வேலையை விடத் தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க ஸ்ப்ரே கேன் அழுத்திய மறுநாள் எனக்கு லைன் நடுங்கும், அதனால் சனிக்கிழமை சுவர் என்றால் ஞாயிறு நான் அப்பாயின்மென்ட் எடுப்பதில்லை.

கஸ்டமரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் அவனை எழுதிக்கொள்ளச் சொன்னேன். 18 ஆகிவிட்டதா, ஆதாரோடு. ராணுவத்துக்கு, போலீசுக்குத் தயாராகிறாயா? ராணுவத் தேர்வில் முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். இதை ஊசி போட்ட பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

எந்தப் பாதையானாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ், முதல் டோஸுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. முதல் உயிருள்ள தோலைத் தொடும் நாளுக்குள் மூன்றும் முடிந்திருக்க வேண்டும் என்றால் இந்த வாரமே தொடங்கியாக வேண்டும். நேற்று மெசேஜ் வந்தது, முதல் டோஸ் போட்டாயிற்றாம். ஊசி என்றால் தனக்குப் பயம் என்று அப்போதுதான் சொல்கிறான்.